குளத்துக்குள் ஒரு திறப்பு விழா

ஒரு விஷயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், அதே விஷயத்தில் என்றைக்காவது ஒருநாள் கண்டிப்பாக வழுக்கி விழுவான். நான் விழவில்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் வரை மூழ்கினேன். அதுவும் நானே வரைந்து, நானே கணக்குப் போட்டு, நானே பக்கத்தில் நின்று வெட்டவைத்த குளத்தில்.

அப்போது எனக்கு முப்பது வயது. ஜார்ஜ்டவுனில் ஒரு சின்னப் பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. வெளிநாட்டில், சுற்றுச்சூழலைக் கெடுக்காத நிலைத்த கட்டமைப்பு பற்றி மேற்படிப்பு படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தேன். (படித்தது ஒன்றரை வருஷம். அதைப் பற்றிப் பேசியது அதற்கப்புறம் நாலு வருஷம்.) சாலையோ பாலமோ சாக்கடையோ, எதைக் கட்டினாலும் அது பின்னால் யாருக்கு என்ன செய்யும் என்று யோசித்துக் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பின் சாரம். சாரத்தில் குறை இல்லை. அதைச் சுமந்துகொண்டு திரிந்த ஆள்தான் தாங்க முடியாதவன். என் அண்ணன் ஜமால் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் உட்கார்ந்து அவருடைய மீன் கறியைச் சாப்பிட்டுக்கொண்டே, அவர் கொடுக்கும் பிளாஸ்டிக் பையைப் பற்றி வாடிக்கையாளர்கள் முன்னால் கண்டிப்பேன். அவர் பொறுமைசாலி. "சாப்பிட்டுட்டுப் பேசுடா, ஆறிப்போகுது" என்பார்.

என் கைக்கு முதலில் வந்த வேலை சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தாமான். பழைய குடியிருப்பு, தாழ்வான நிலம். பெரிய மழை பெய்தால் கடைசி வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். இதற்கு வழக்கமான வைத்தியம் லோங்காங்கை, அதாவது சாக்கடையை, அகலமாக்கி, சிமெண்ட் பூசி, தண்ணீரை வேகமாக விரட்டுவது. விரட்டினால் அது கீழே இருக்கும் கம்பத்துக்குள், அந்தக் கிராமத்து வீடுகளுக்குள், போகும். அங்கே ஒரு லோங்காங் கட்டினால் அதற்கும் கீழே போகும். இப்படியே ஒருவர் வீட்டு வெள்ளத்தை இன்னொருவர் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டிருப்பதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நான் சொன்ன வழி வேறு. தாமானுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நிலத்தை ஆழமில்லாத குளமாக வெட்டுவோம். மேலே செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் மழைநீரை அதில் பிடித்துவைத்து, மெதுவாக வெளியே விடுவோம். மழை இல்லாத நாளில் அது புல்தரை, பிள்ளைகள் பந்து விளையாடலாம். என் முதலாளி மிஸ்டர் ஊய் நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் இது வெள்ளோட்டம் மட்டும்தான். இது பிடித்துப்போனால் மேலே இன்னும் நாலு குளம். பிடிக்காவிட்டால் பழையபடி சிமெண்ட் லோங்காங், அதற்கான வரைபடமும் தயாராக மேசையில் இருந்தது. முடிவு சொல்ல வேண்டியவர் ஒரு டத்தோ, அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். திறப்பு விழாவுக்கு வருகிறவரும் அவரே.

கடைசி வரிசையில், கடைசி வீடு மல்லிகா அக்காவுடையது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பதினொரு வருஷமாக வெள்ளத்தோடு குடித்தனம். முதல் கூட்டத்தில் நான் நாற்பத்திரண்டு படங்கள் போட்டுக் காட்டி முடித்ததும் அவர் மட்டும்தான் கேள்வி கேட்டார்.

"தண்ணி வீட்டுக்குள்ள வருமா வராதா, அத சொல்லுங்கலா தம்பி."

நான் நிகழ்தகவு என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினேன்.

"அப்ப தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார். (தெரியாதுதான்.)

குளம் வெட்டி முடிந்தது. புல் பிடித்தது. வெட்டி முடித்ததிலிருந்து நல்ல மழை ஒன்றும் இல்லை, அதனால் குளம் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. திறப்பு விழா ஏற்பாட்டை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதையும் நிலைத்த விழாவாக நடத்தக் கிளம்பினேன். மண்டபம் வேண்டாம், ஏர்கோன் ஓடும். தண்ணீர் போத்தல் வேண்டாம், எவர்சில்வர் தம்ளர். சாப்பாடு அண்ணன் கடை பிரியாணி, பெரியோக் என்கிற பெரிய சட்டிகளில் வரும், பொட்டலம் கூடாது. கூடாரத்தை எங்கே போடுவது? கரையில் போடலாம் என்றால் புதிதாக நட்ட மரக்கன்றுகள் மிதிபடும். சாலையில் போட்டால் வண்டிகள் சுற்றிக்கொண்டு போய் எண்ணெய் எரிக்கும். சமமான, சுத்தமான, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நிலம் ஒன்றுதான் இருந்தது. குளத்தின் அடிப்பகுதி.

இன்றைக்கு எழுதும்போதே கை கூசுகிறது. அன்றைக்கு எனக்கு அது பெரிய அறிவாளித்தனமாகத் தெரிந்தது.

கூடாரக்காரர்கள் கம்பி நட்டுக்கொண்டிருந்தபோது மல்லிகா அக்கா கரையில் வந்து நின்றார்.

"தம்பி, இது கொளம்தானே?"

"காய்ஞ்சிருக்கு அக்கா."

"காய்ஞ்சாலும் கொளம்தானேலா."

நான் கைப்பேசியை எடுத்து வானிலையைக் காட்டினேன். தாமான் இருக்கும் இடத்தில் அன்று முழுக்க வெயில். அக்கா கைப்பேசியைப் பார்க்கவில்லை. தோட்டம் இருக்கும் பக்கம் கையை நீட்டினார். "இங்க வெயில் அடிச்சா என்ன, அங்க கறுத்தா அர மணியில இங்க வந்துரும்." இதையேதான் நான் என் நாற்பத்திரண்டு படங்களில் ஏழாவது படத்தில் சொல்லியிருந்தேன். அதை எனக்கே யாரோ திருப்பிச் சொல்லும்போது அடையாளம் தெரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தோட்டத்துத் தண்ணீர் குளத்துக்குள் வந்து விழும் குழாயின் வாய் பெரிய ஓட்டையாக அசிங்கமாகத் தெரிந்தது. அதை மறைக்க அதன் முன்னாலேயே மேடையைப் போட்டு, பின்னால் பச்சைத் துணி கட்டச் சொன்னேன். ஆக, டத்தோ நின்று பேசப்போகும் இடத்துக்கு நேர் பின்னால், ஒரு துணி தள்ளி, மொத்தத் தோட்டத்தின் மழைநீரும் வந்து சேர வேண்டிய வாசல். இதைவிடச் சரியாக ஒரு விபத்தைத் திட்டமிட நான் தனியாக இன்னொரு பட்டம் வாங்க வேண்டியிருக்கும்.

விழா மாலை நாலு மணிக்கு. டத்தோ ஐந்துக்கு வந்தார். துஆ ஓதி முடிந்து, மிஸ்டர் ஊய் நாலு வார்த்தை பேசி, டத்தோ மேடை ஏறும்போது நல்ல வெயில். முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் அதிகாரிகள். பின்னால் தாமான் மக்கள். ஓரத்தில் அண்ணன், பெரியோக்குகளுக்குக் காவல். மல்லிகா அக்கா எழுந்து என்னிடம் வந்தார். "தோட்டத்துப் பக்கம் கறுத்திருச்சு தம்பி."

"டத்தோ பேச்சு முடியட்டும் அக்கா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரை ஏறி வீட்டுக்கு வேகமாகப் போய்விட்டார். நான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். அடுத்தது நினைவுப் பரிசு.

பச்சைத் துணியின் அடியிலிருந்து முதலில் ஒரு ஈரக் கோடு வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், சத்தமே இல்லாமல், மேடைக்கு அடியில் நுழைந்து முன்வரிசையை நோக்கி வந்தது. எங்கள் ஊர் விழாக்களில் ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதிவைத்ததில்லை. டத்தோ பேசும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. முன்வரிசையில் ஓர் அதிகாரி மெதுவாக இரண்டு காலையும் ஓர் அங்குலம் தூக்கினார். பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சிரத்தையாகத் தலையாட்டிக்கொண்டே வரிசை வரிசையாகக் கால்கள் உயர்ந்தன. மேடை ஒரு முழம் உயரம், அதனால் டத்தோவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. இனி இந்தத் தாமான் மக்கள் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று அவர் சொல்ல, மக்கள் கால்களைத் தூக்கியபடியே கை தட்டினார்கள்.

நான் எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. டத்தோவின் பேச்சில் குறுக்கிட்டால் நாலு குளமும் போய்விடுமே என்று பயம். பின்வரிசையில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு இன்றும் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.

நிறுத்தியது அண்ணன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியதும் ஒரு பெரியோக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மேடைக்கு முன்னால் வந்து, மலாயில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "டத்தோ, நான் சோத்த மேல ஏத்துறேன். நீங்க பேசிட்டு மெதுவா வாங்க."

டத்தோ குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் எழுந்திருக்க அனுமதி கிடைத்தது. முதியவர்களைக் கைத்தாங்கலாகக் கரையேற்றி முடிப்பதற்குள் தண்ணீர் எனக்கு முழங்காலைத் தொட்டது. வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் மிதந்தன. எவர்சில்வர் தம்ளர்கள் மூழ்கின. (போத்தலாக இருந்திருந்தால் மிதந்திருக்கும், பொறுக்கியிருக்கலாம் என்று அண்ணன் பிறகு கணக்குச் சொன்னார்.) டத்தோ கால்சட்டையை மடித்துவிட்டு நின்ற இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. மழை நேரத்தில் குளத்துக்குள் இறங்காதீர்கள் என்று அதில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. எழுதியது நான். யாரோ படம் எடுத்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் அது மாக் மண்டின் ஊர் வரைக்கும் போய்விட்டது.

மிஸ்டர் ஊய் நனைந்த சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி, குளத்தில் நீர்மட்டம் காட்ட நட்டிருந்த அளவுகோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி மழைக்கு உன் கணக்கு எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முக்கால் மீட்டர் என்றேன். தோட்டத்தில் மழை நின்று, தண்ணீர் ஏறுவதும் நிற்கும் வரை காத்திருந்தார். கம்பத்தில் முக்கால் மீட்டர். "கணக்கு சரி. ஆள்தான் சரியில்லை" என்றார்.

அப்போது மல்லிகா அக்கா வந்தார். வீட்டுக்கு ஓடி, வழக்கம்போல அரிசி மூட்டையையும் மெத்தையையும் அலமாரி மேலே ஏற்றிவிட்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருந்தாராம். அங்கே நின்ற அத்தனை பேரும் முழங்கால் வரை சேறு. அக்காவின் சிலிப்பர் மட்டும் காய்ந்திருந்தது.

"வரல தம்பி" என்றார். மறுபடியும், "வீட்டுக்குள்ள வரலலா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கும். டத்தோ, அண்ணன் கொடுத்த பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவிடம் என்ன என்று கேட்டார். அக்கா அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய்த் தரையைக் காட்டினார். மூன்று மாதம் கழித்து நாலு குளத்துக்கும் அனுமதிக் கடிதம் வந்தது. கடைசி வரியில், திறப்பு விழாக்கள் மேடான இடத்தில் நடத்தப்பட வேண்டும் என்று இருந்தது.

இப்போதும் குடும்ப விருந்துகளில் நான் வேலையைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், அண்ணன் பிள்ளைகளும் என் மகளும் கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வார்கள். அண்ணன் சோற்றுச் சட்டியைத் தோளுக்கு ஏற்றுவார். நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

போன வருஷம் மல்லிகா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து குளமும் வேலை செய்கின்றன. கடைசி வரிசையில் அதற்கப்புறம் ஒருமுறைகூடத் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் அக்காவின் குளிர்சாதனப் பெட்டி இன்னும் நாலு செங்கல் மேல்தான் நின்றது.

"இன்னுமா அக்கா?" என்று கேட்டேன்.

"கொளம் நல்ல கொளம்தான் தம்பி" என்றார், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "ஆனா கட்டுன ஆளு, கொளத்துக்குள்ள கூடாரம் போட்டவருதானே."

நியாயமான பேச்சு. குனிந்து பார்த்தேன், செங்கல்கள் பொரிந்து போயிருந்தன. அடுத்த வாரம் புதிதாக நாலு வாங்கிக்கொண்டு போய், பெட்டியைத் தூக்கி, நானே மாற்றிவைத்துவிட்டு வந்தேன்.