கடலைத் தொடாமல் மீன் பிடிப்பது எப்படி

இனிமேல் ஏரி மீனைக் கையால் தொடுவதில்லை என்று என் அண்ணன் தணிகாசலம் சபதம் செய்தார். இதுவரை எந்த ஏரி மீனும் அவரைத் தொட விட்டதில்லை என்பது வேறு விஷயம். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அல்சூர் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தவர் பிடித்துக்கொண்டு வந்தது ஜலதோஷம் ஒன்றைத்தான். குற்றம் தன்னிடம் இல்லை, ஏரியிடம்தான் என்று கடைசியில் கண்டுபிடித்தார். ஏரி மீனுக்கு ரோஷம் கிடையாதாம். கடல் மீன்தான் ஆம்பளை மீனாம்.

கடலில் பெண் மீனே இல்லையா என்று கேட்டேன். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் சரளா. சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. ஆனர்ஸ், தத்துவம். ஜீவனஹள்ளியில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு படிக்கிறேன். அநியாயத்தைக் கண்டால் எனக்குத் தொண்டை அரிக்கும். வாதத்தில் தோற்கிற கட்டம் வந்தால் அண்ணன் தமிழை விட்டுக் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். "சும்னிரு" என்பார். சும்மா இரு என்று தமிழில் சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கன்னடத்தில் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்பது இன்னும் தெரியவில்லை.

திட்டம் இதுதான். அண்ணனோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர் நோயல். காக்ஸ் டவுன்காரர். அவருடைய மாமியார் வீடு தலைச்சேரியில், கடலுக்குப் பக்கத்தில். அங்கே கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலம் ஒன்று உண்டு. காலையில் அலையோரம் நின்று தூண்டில் வீசுவது, மாலையில் பாலத்தின் மேல் நின்று தூண்டில் வீசுவது, நடுவில் நோயலின் மாமியார் சமைப்பதைச் சாப்பிடுவது. தசரா விடுமுறை முழுக்க இதே வேலை. போகிறவர்கள் இரண்டே பேர். அண்ணனும் நோயலும்.

வாசகர்களே, நியாயத்தைச் சொல்லுங்கள். அது நோயலின் மனைவி பிரிஜெட்டுக்குப் பிறந்த வீடு. பெற்ற தாயின் வீட்டுக்குப் பெண் போகக் கூடாது, மருமகன் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் இது எந்த நாட்டுச் சட்டம்?

என் அண்ணி காந்தாவின் வழக்கு அதைவிடப் பழையது. கோலார் தங்கவயலில் பிறந்தவள். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பூமி முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. கல்யாணமானதும் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே அண்ணன் வாக்குக் கொடுத்தார். கூட்டிப்போனது லால்பாக்குக்கு. அங்கே இருந்த குளத்தைக் காட்டி, கடலும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பெரிசு என்றாராம். நானும் கடலைப் பார்த்ததில்லை. கடலைப் பார்க்காமலே எல்லையின்மை பற்றிப் பரீட்சை எழுதியவள் நான்.

"எங்களையும் கூட்டிப்போங்க" என்றேன்.

"தூண்டில் எடுத்துப் போறவன் பின்னால பொம்பளைங்க வரக் கூடாது. மீன் சிக்காது."

"எந்தச் சாஸ்திரத்தில் இருக்கு?"

"பெரியவங்க சொல்லியிருக்காங்க. பெரியவங்க சொன்னா அதுல அர்த்தம் இருக்கும். கேள்வி கேக்கக் கூடாது."

இதை என்னிடம் சொல்கிறார். மூட நம்பிக்கையே முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று காலேஜ் விவாத மேடையில் முழங்கி, வெள்ளிக் கோப்பை வாங்கி வந்தவளிடம் சொல்கிறார். அந்தக் கோப்பையை அண்ணன் அலமாரியிலிருந்து எடுத்து, தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகளைப் போட்டு வைத்திருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு வாரம் வாதாடினேன். பெண்கள் பின்னால் வந்தால் மீன் சிக்காதென்றால், பெண்களே வராத அல்சூரில் இரண்டு வருஷமாக ஏன் சிக்கவில்லை என்று கேட்டேன். சும்னிரு என்றார். அரசியல் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமத்துவம் கொடுத்திருக்கிறது என்றேன். அரசியல் சட்டத்தில் மீனைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைவிட அண்ணிமேல் வந்த கோபம்தான் பெரிது. அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடத் தடுமாறினால் வாங்கித் தானே போட்டுக்கொடுத்தாள். இரை வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை தைத்தாள். மொட்டைமாடியில் அவர் வீசிப் பழகும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். கடல் தூண்டில் நீளமானது, உடம்பைத் திருப்பி வீச வேண்டும். அண்ணன் உடம்பைத் திருப்பினார், கண்ணைத் திருப்ப மறந்துவிட்டார். கொக்கி அடுத்த மாடிக்குப் போய், ராஜலக்ஷ்மி அம்மாள் வீட்டுக்காரரின் பனியனோடு திரும்பி வந்தது. தூண்டில் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்குச் சிக்கிய முதல் பெரிய உருப்படி அது. அண்ணி அதைக் கொக்கியிலிருந்து கிழியாமல் கழற்றி, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சுதந்திர நாட்டுப் பெண்ணா நீங்க? உங்களுக்கு ரோஷமே வராதா அண்ணி?" என்று அடுக்களையில் போய்ப் பொரிந்தேன்.

"முறுக்குக்கு எள்ளு போடட்டுமா, ஓமம் போடட்டுமா?" என்றாள் அண்ணி. "வழியில சாப்பிட."

அவர்கள் வழியில் சாப்பிட முறுக்கு. அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. முறுக்கு மட்டும் தின்றேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் வந்தது. உப்புக் காற்றில் தலை பிசுபிசுக்கும், ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று அண்ணன் செருப்பை மாட்டினார்.

"ஏங்க, முடி வெட்டக் கூடாது" என்றாள் அண்ணி, முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டே.

"ஏன், இன்னிக்கு என்ன கிழமை?"

"கிழமையில ஒண்ணுமில்ல. புள்ளதாச்சி புருஷன் முடி வெட்டிக்கக் கூடாது."

அண்ணன் அப்படியே நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு கையில் இருந்தது. ஐந்தாறு வருஷமாகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நிஜமாவா காந்தா? நிஜமாவா?" என்று செருப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார். பிரிஜெட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாளாம். மூன்று மாதம் தாண்டிவிட்டதாம். எனக்கும் அழுகை வந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கட்டும் என்று அண்ணி காத்திருந்தாள். அடங்கியதும் மீதியைச் சொன்னாள்.

"புள்ளதாச்சி புருஷன் கடல் தண்ணியில கால் வைக்கக் கூடாது. எந்த உயிரையும் கொல்லவும் கூடாது. மீன்கூட உயிருதான்."

அண்ணன் முகத்தில் அலை ஏறி இறங்கியது. "இதெல்லாம் யார் சொன்னா?"

"பெரியவங்க. அவங்க சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. அண்ணன் அலமாரிக்குப் போனார். என் வெள்ளிக் கோப்பையை எடுத்தார். ஈயக் குண்டுகளைக் கொட்டினார். வேட்டி நுனியால் கோப்பையைப் பளபளவென்று துடைத்து, என் முன்னால் மரியாதையாக வைத்தார்.

"சரளா, நீ படிச்சவ. தர்க்கம் தெரிஞ்சவ. இந்தக் கோப்பையை உனக்கு எதுக்குக் கொடுத்தாங்க? சொல்லும்மா. இது மூட நம்பிக்கைதானே?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் ஆண்மகன் என் வாதத்தைக் கேட்க ஆசைப்பட்டு என் எதிரே நிற்கிறார். என்னிடம் பதில் இருந்தது. அரைமணி நேரம் பேசுவதற்கு ஆதாரங்கள் இருந்தன. வாயைத் திறந்தேன்.

"கடல் காத்து உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள் அண்ணி, என்னைப் பார்க்காமல். "ரயில்ல போலாமாம். கூட ஒரு பொம்பளை துணை இருக்கணுமாம்."

திறந்த வாயை மூடினேன். மறுபடி திறந்தேன். முன்னோர் வழக்கத்தை ஒரேயடியாக மூட நம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் ஒருவகை மூட நம்பிக்கைதான் என்றேன். எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. "சும்னிரு" என்றார் அண்ணன். அந்த ஒரு தடவை இருந்தேன்.

வாசலில் நோயல் வந்து நின்றார். மாதாகோயிலில் பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்கிறவர் முகம். "தணிகா, பிரிஜெட் இன்னும் மூணு டிக்கெட் வாங்கிட்டாப்பா. போன வாரமே வாங்கிட்டாளாம்."

போன வாரமே. நான் அரசியல் சட்டம் பேசிக்கொண்டிருந்த வாரம்.

கடலைப் பற்றி எழுத வேண்டும் என்றால் எனக்கு இன்னொரு கோப்பை வேண்டும். அதனால் எழுதவில்லை. பாலத்தின் நுனிக்குப் போய் நின்றபோது, எல்லையின்மை பற்றிய என் பரீட்சைத் தாளுக்கு அவ்வளவு மார்க்குப் போட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "லால்பாக் மாதிரியே இல்லீங்க" என்று அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணன் காலையில் அலையோரம் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். அலை ஏறி வரும்போதெல்லாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, பாலில் கால் வைத்த பூனைபோல் பின்னால் துள்ளினார். பிள்ளைமேல் அவ்வளவு பயம், அவ்வளவு ஆசை. அவருடைய தூண்டிலை வீணாக்குவானேன் என்று அண்ணி எடுத்துக்கொண்டாள். உயிரைக் கொல்லக் கூடாதே என்று அண்ணன் நினைவூட்டினார். அது புருஷனுக்குத்தான் சொல்லியிருக்கு என்றாள்.

மொட்டைமாடியில் அண்ணி வேடிக்கை பார்க்கவில்லை, படித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பைத் திருப்பினாள், கண்ணைத் திருப்பவில்லை. கரையிலிருந்து அண்ணன் யோசனைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். இடது பக்கம் வீசச் சொன்னார், அவள் வலது பக்கம் வீசினாள். இழுக்கச் சொன்னார், அவள் விட்டாள். அன்று மாலை பாலத்தின் மேலிருந்து அவள் ஒரு பாறை மீனைத் தூக்கினாள். நோயல் தொப்பியைக் கழற்றிவிட்டார். அண்ணன் அந்த மீனைப் பார்த்த பார்வையில் பொறாமை கொஞ்சம், பெருமை நிறைய. அன்றிரவு குழம்பில் பெரிய துண்டு அவருக்குத்தான் விழுந்தது. கொல்லத்தான் கூடாது, தின்னலாம் என்று பெரியவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

திரும்பி வரும் ரயிலில் அண்ணன் காதை மூடும் தலைமுடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெயிலின் கறுப்பும் ஒரு திருப்தியும் இருந்தன. அண்ணி மடியில் தூண்டிலை வைத்துக்கொண்டு, நரம்பிலிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் போகட்டும்" என்றார் அண்ணன், பிள்ளைக்கு இப்போதே கதை சொல்கிற குரலில். "அடுத்த தசராவுக்குப் பிள்ளை பிறந்திருக்கும். ஒரு கட்டுப்பாடும் இருக்காது. அப்ப வந்து ஒரு கை பார்க்கிறேன்."

"வாங்க, கட்டாயம் வாங்க" என்றாள் அண்ணி. "நான் தூண்டில் போடுறப்ப கைக்குழந்தையை யாராவது வெச்சுக்கணும் இல்ல?"