வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நானே அட்மினிஸ்ட்ரேட்டர்

வெளியில் அதிகாரம் இல்லாதவன் கையில், வீட்டுக்குள் ஒரு அதிகாரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. யாரையோ சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என்னைத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில், வருகிற சரக்கைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை எனக்கு. அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் எப்போதும் தாமதமாக ஓடும். திருத்தப் போனால், அதற்கு உனக்கு உரிமை இல்லை என்று ஒரு பெட்டி வந்து விழும். உரிமையெல்லாம் கம்ப்யூட்டர் பிரிவின் இன்சார்ஜ் நாகராஜிடம். அவர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் நுழைவார், இரண்டு தட்டுத் தட்டுவார், கடிகாரம் சரியாகிவிடும். நான் வெறும் 'யூசர்'. எனக்கு வயிறு எரியும்.

அதனால் பெங்களூரில் உதிரி உதிரியாக வாங்கி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தபோது, ஊரெல்லாம் போடுகிற சாதா விண்டோஸ் வேண்டாம், ஆபீசில் இருக்கிற விண்டோஸ் என்.டி.தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதில்தானே அட்மினிஸ்ட்ரேட்டர் உண்டு! மனைவி கலாவுக்கு ஒரு யூசர் கணக்கு போட்டுக் கொடுத்தேன். (பெரிய மனசு.) நானோ சீட்டு விளையாடக்கூட அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் நுழைவேன். முதல் காரியமாகக் கடிகாரத்தை வேண்டுமென்றே தப்பாக வைத்து, மறுபடி சரிசெய்தேன். அடடா, என்ன சுகம்!

கலா ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். தற்காலிக வேலை. அரையாண்டுக் கேள்வித்தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத் திங்கட்கிழமை கொடுத்தால், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப் பேசுவதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். கண் வலிக்க வலிக்க அடித்து முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி.

அன்று காலை காவேரிப்பட்டினத்திலிருந்து அவள் தம்பி முருகேசன் வந்திருந்தான். அவனுக்குக் கை சும்மா இருக்காது. நான் காபி குடிக்க எழுந்து போன நேரத்தில், திரையில் இருந்த என் கல்யாணப் போட்டோவை எடுத்துவிட்டு ஒரு மீன் படத்தை வைத்துவிட்டான்.

"யாரைக் கேட்டுடா மாத்தின?"

"என்னாத்துக்கு மாமா கோவம்? மீனு நல்லாத்தானே இருக்குது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாகராஜ் ஆபீசில் ஃபைல்களைப் பூட்டுவதை முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். (கற்றதெல்லாம் அப்படித்தான்.) சி டிரைவைத் திறந்து, 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு நேராக 'நோ ஆக்சஸ்' கொடுத்தேன். அதாவது, எல்லோருக்கும் தடை. உள்ளே இருக்கிற அத்தனைக்கும் இதே சட்டமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். பிறகு ஏதோ எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையெல்லாம் யூசர்கள் படிக்க வேண்டியது. தட்டித் தள்ளிவிட்டேன்.

"இனிமே இதை ஒருத்தனும் தொட முடியாது!" என்று அறிவித்தேன்.

சொன்னபடியே ஆயிற்று. எந்த ஃபைலும் திறக்கவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து அப்படியே நின்றுவிட்டன.

"என் கேள்வித்தாளு?" என்றாள் கலா.

"உள்ள பத்திரமா இருக்குது. யாராலயும் எடுக்க முடியாது."

"என்னால?"

"முடியாது."

"உங்களால?"

நான் மறுபடியும் அணைத்துப் போட்டேன், அதே நீலத் திரை. திட்டுவாள் என்று பார்த்தேன். அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வேறு வழியில்லாமல் பாகலூர் ரோட்டில் இருந்த நாகராஜ் வீட்டுக்கு மொபெட்டில் கிளம்பினோம். கம்ப்யூட்டர் பெட்டியைக் கலா மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். முருகேசன் வாசலில் நின்று கையாட்டினான்.

நாகராஜ் வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும் தமிழிலும் அந்த வாசனை இருக்கும். கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"எவ்ரிஒன்னுக்குத் தடை போட்டுட்டீங்களா?"

"ஆமா சார்."

"எல்லாரும்னா அதுல நீங்களும்தானே ஸ்வாமி?"

"நான் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆச்சே சார்..."

நாகராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலாவும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

அவர் எங்கள் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, நான் போட்ட தடையை நீக்கினார். (அட்மினிஸ்ட்ரேட்டரால் ஃபைலைத் திறக்க முடியாவிட்டாலும், தடையை எடுக்க மட்டும் முடியுமாம்.) கேள்வித்தாள்கள் ஒன்றுவிடாமல் வந்தன. பிரிண்டும் அங்கேயே எடுத்துக் கொடுத்தார். பிறகு டிஸ்க்கை எங்கள் பெட்டியிலேயே மறுபடி மாட்டி ஓடவிட்டார்.

"இதெல்லாம் யாரும்மா அடிச்சது?"

"நான்தாங்க சார்."

"அப்போ இவரு இதுல என்ன பண்றாரு?"

கலா கொஞ்சம் யோசித்தாள். "சீட்டு ஆடுவாருங்க. கடிகாரத்தை மாத்தி மாத்தி வெப்பாரு."

நாகராஜ் என் பக்கம் பார்த்தார். "ஸ்வாமி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் கலா அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் புது பாஸ்வேர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. நீளமான பாஸ்வேர்டுதான்.

அவள் வேலை நிரந்தரமானது. இன்று அதே பள்ளியில் தலைமையாசிரியை. வீட்டில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் வந்து போய்விட்டன, நான் மட்டும் யூசராகவே இருக்கிறேன். ஏதாவது புரோகிராம் போட வேண்டுமென்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்கும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போடுவேன். "மீட்டிங்ல இருக்கறேன், சாயந்தரம் பாக்கலாம்" என்று பதில் வரும்.

முருகேசன் தன் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறான், பாவி. லீவுக்கு அவர்கள் வந்திருக்கும்போது, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று கலா கூப்பிட்டால் போதும், அதில் ஒன்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கும்:

"மாமாவுமா அத்தை?"

"எல்லாரும்னா அவரும்தான்டா. வந்து உக்காரச் சொல்லு."