கண்ணாடி நார்க் கதவும் என் கல்யாணமும்

நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மனைவி சொல்லி ஊருக்குத் தெரிவதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பஸ்ஸில் 'வாலாஜாபாத்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் கண்டக்டரை ஒரு முறை, டிரைவரை ஒரு முறை கேட்ட பிறகுதான் ஏறுவேன். ஏறிய பிறகு பக்கத்து சீட்காரரையும் கேட்பேன். இப்படி உலகத்தையே சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஓர் ஆளை விட்டுவிட்டேன். அதனால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

இந்தப் புத்தி பரம்பரைச் சொத்து. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறியில் புது பார்டர் ஏறினால் வாசல் கதவு சாத்திக்கொள்ளும். புடவையை அறுத்து இறக்குகிற வரைக்கும், தீப்பெட்டி கேட்டு வந்தவரைக்கூட நைனா வாசலிலேயே நிறுத்திவைப்பார். உள்ளே விட்டால் கண்ணாலேயே டிசைனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவருடைய தீர்மானம். நான் தறியில் உட்காரவில்லை, சென்னையில் படகு செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். ஆனாலும் அந்தத் தீர்மானம் மட்டும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பட்டறையில் கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்து, அதன் மேல் பிசினைப் பூசிக் காயவைத்துப் படகு செய்வார்கள். ஃபைபர் கிளாஸ் என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கோ அதைக் கொண்டு கார் செய்ய வேண்டும் என்று ஆசை. உடம்பு முழுக்கத் துருவேறி உதிர்ந்துபோன ஒரு பழைய கார் கிடைத்தது. என்ஜினும் அடிச்சட்டமும் நன்றாக இருந்தன. அதைக் காஞ்சிபுரம் வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து அதற்குப் புது உடம்பை நானே வார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் சரோஜாவை எனக்கு நிச்சயம் செய்தார்கள். என் கையால் செய்த காரில் அவளை ஊர்வலமாக அழைத்து வருவது என்று நான் முடிவு செய்தேன். தன் கையால் நெய்த முகூர்த்தப் புடவையைத்தான் மருமகள் கட்ட வேண்டும் என்று நைனா முடிவு செய்தார். கூடத்தில் தறி, கொல்லையில் கார் என்று இரண்டு வேலையும் ஒன்றாக நடந்தன.

உடம்பை வார்த்தது சுலபம், மாட்டியதுதான் வேதனை. பானெட் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்துகொண்டது. இடது கதவு மேலே பொருந்தினால் கீழே நாலு விரல் இடைவெளி விட்டது. (படகுக்குக் கதவு கிடையாது. இந்த உண்மையை நான் கொஞ்சம் முன்னாடியே யோசித்திருக்கலாம்.) மாட்டிப் பார்ப்பது, இடிக்கிற இடத்தில் கோடு போடுவது, கழற்றுவது, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்ப்பது, மறுபடி மாட்டுவது. அந்த ஒரு கதவை மட்டும் இருபது தடவையாவது மாட்டிக் கழற்றியிருப்பேன்.

கொல்லையிலேயே தேய்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என் பெரியப்பா மகன் தணிகாசலம் இருந்தான். நான் அரத்தைக் கையில் எடுத்தால் போதும், அவன் தலை சுவருக்கு மேலே வந்துவிடும்.

"இன்னாப்பா செஞ்சிக்கினு இருக்கிற?" என்பான்.

என் கார் டிசைனைத் திருட வருகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (அவன் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். காரைத் திருடி என்ன செய்வான் என்று நான் யோசிக்கவில்லை.) ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவும் அம்மாவும் பத்திரிகை வைக்க ஐயம்பேட்டை, ஓரிக்கை என்று கிளம்பிவிடுவார்கள். உடனே நான் கதவைக் கழற்றிக் கூடத்துக்குத் தூக்கிவந்து, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிடுவேன்.

"தண்ணி ஊத்தித் தேய்டா, தூள் பறக்காது" என்று பட்டறை மேஸ்திரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நான் நெசவாளி வீட்டுப் பிள்ளை. பாவு நூல் ஏறிய தறிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பைக்கூட வைக்க மாட்டோம், ஒரு துளி தெறித்தால் பட்டில் கறை விழுந்துவிடும். எனவே பட்டைக் காப்பாற்றும் உத்தம எண்ணத்தோடு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தேய்த்தேன். தரையில் விழுந்த வெள்ளைப் பொடியைப் பெருக்கிவிட்டேன். தறி மேல் படிந்ததைக் கண்டுகொள்ளவில்லை. பாவில் போட்ட கஞ்சி காய்ந்து உதிர்வதும் வெள்ளைப் பொடிதான். எங்கள் வீட்டில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு நான் ஊருக்கு வந்தபோது நைனா இரண்டு முழங்கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சாயத்துல எதையோ கலந்துட்டான் முனுசாமி" என்றார். சாயம் போடுகிற முனுசாமி அவருக்குப் பால்ய சிநேகிதர். அந்த வாரமே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அம்மாவுக்கு மூட்டைப்பூச்சி மேல் சந்தேகம். தறிக்குழியில் வேப்பிலையைக் கொண்டுவந்து கொட்டினாள். எனக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்ல வேண்டியதில்லை. தணிகாசலம் ஜன்னல் வழியாகப் பட்டாலே அரிக்கும் பூனைக்காலிக் காயின் சுணையைத் தூவிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். நானும்தான் சொறிந்துகொண்டிருந்தேன். ஆனால் என்னுடையது பட்டறை அரிப்பு, பழகிப்போனது, அது வேறு என்று நினைத்தேன்.

இந்த நிலைமையில்தான் சரோஜாவின் தாய்மாமா கோதண்டம் புடவை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். எங்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். நைனா கையைச் சொறிந்தார், அம்மா கழுத்தைச் சொறிந்தாள், நான் முதுகுக்கு எட்டாமல் தூணில் தேய்த்துக்கொண்டேன். அவர் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி டம்ளரை விரல் படாமல் தள்ளிவைத்தார்.

"வயிறு செரியில்ல" என்றார்.

கல்யாணத்தன்று இடது கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு காரை மண்டபத்துக்கு ஓட்டிவந்தேன். சரோஜா புடவை கட்டிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். அரக்கு நிறத்தில் அகலமான ஜரிகை. நைனாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் இருக்கும், நெளிய ஆரம்பித்தாள். பிறகு முழங்கை, பிறகு கழுத்து, பிறகு எங்கே என்று பார்க்காமல் இரண்டு கையாலும் சொறிந்தாள்.

"அம்மா, கொஞ்சம் ஆடாம உக்காரணும்" என்றார் புரோகிதர்.

கோதண்டம் மாமா எழுந்து நின்றார். "தாலிய அப்படியே வைங்க. அன்னிக்கு அவங்க வூட்ல என் கண்ணால பாத்தேன், குடும்பமே சொறிஞ்சிக்கினு இருந்தாங்க. எங்க பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சி. இந்த எடம் நமக்கு வேணாம்."

மண்டபமே எழுந்துவிட்டது. "அது வியாதி இல்ல, சாயக்காரன் செஞ்ச வேல" என்றார் நைனா. பேச்சு இல்லாவிட்டாலும் கல்யாணத்துக்கு வந்து மூன்றாவது வரிசையில் இருந்த முனுசாமி, "முப்பது வருசமா சாயம் போடுறேன், என் கைய பாருங்கப்பா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். நான் தணிகாசலத்தை முறைத்தேன். அவன் பாவம், பந்தலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சரோஜாவின் கையைப் பார்த்தேன். சிவந்த தடிப்புகளுக்கு நடுவே மயிரிழையில் பாதி கனத்துக்கு ஏதோ மின்னியது. அதே மினுமினுப்பு என் சட்டைக் கையில் தினமும் இருப்பதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழியை முனுசாமியின் தலையிலேயே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பாதி மண்டபம் அதை நம்பவும் தயாராக இருந்தது. ஆனால் அவர் நீட்டிய கைகளை இன்னும் மடக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

"நான்தான் காரணம்" என்றேன். கூடம், கதவு, உப்புத்தாள், கண்ணாடிப் பொடி எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். நைனா என்னைத் திட்டவில்லை. மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கோதண்டம் மாமா நம்பவில்லை. "கண்ணாடியில காரு செய்வாங்களாம், அது புடவையில ஒட்டிக்குமாம். யாருக்குப்பா காது குத்துற?"

"அந்தக் கதவ கொண்டாங்க" என்றாள் சரோஜா. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "மாமா கையில தேச்சிப் பாக்கலாம். அவருக்கும் அரிச்சா இது வியாதி இல்ல."

கயிற்றை அவிழ்த்து, கதவைத் தூக்கிவந்து மணவறைக்கு முன்னால் போட்டேன். உப்புத்தாள் காரிலேயே இருந்தது. பட்டு வேட்டியோடு மண்டியிட்டுக் கதவைத் தேய்த்து, அந்தப் பொடியை மாமாவின் முழங்கையில் தடவினேன். அவர் கையை நீட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் விட்டத்தைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "முகூர்த்தம் முடிய இன்னும் பத்து நிமிசம்தான்" என்றார் புரோகிதர். மாமாவின் மீசை துடித்தது. பல்லைக் கடித்தார். ஒரு விரல் தானாக நகர்ந்தது. அப்புறம் ஐந்து விரலும் சேர்ந்து முழங்கையைப் பிராண்டின.

"செரி, தாலிய எடுங்க" என்றார், சொறிந்துகொண்டே.

சரோஜா நிச்சயதார்த்தப் புடவைக்கு மாறி வந்தாள், நான் தாலி கட்டினேன். நைனா பந்தியில் உட்காரும் முன் முனுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஊர்வலத்துக்குக் காரில் ஏற சரோஜா மறுத்துவிட்டாள். ரிக்‌ஷாவில் போனோம். கார் பின்னால் காலியாக வந்தது, ஓட்டியவன் தணிகாசலம். அரக்குப் புடவையை எத்தனை அலசு அலசியும் பயனில்லை. அதன் பிறகு யாரும் ஒரு நாளும் கட்டாமலே அது போயிற்று. நைனாவிடம் அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை, தைரியம் வரவில்லை.

இப்போது எங்கள் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் வீட்டுக்குக் கிளம்பிய என் மகன், "ஜாதகம் பொருந்துது, வேற இன்னாம்மா கேக்கணும்?" என்றான்.

"ஒண்ணும் கேக்காத. ஒரு மணி நேரம் உக்காந்து, யாராவது சொறியிறாங்களான்னு மட்டும் பாத்துக்கினு வா" என்றாள் சரோஜா.