மஞ்சள் வில்லை கட்டிய மடவை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கூலி கொடுக்காமல் வேலை வாங்கக் கூச்சமே இல்லை. கேட்டால் அதற்குச் சேவை என்று பெயர் வைத்து ஒரு மாலையும் போட்டுவிடுகிறார்கள் என்பது துலுக்காணத்தின் கட்சி. இப்போது அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததும் அப்படியொரு மாலைதான். பாதி வாடிய சாமந்தி.

"தானா முன்வந்த பெரியவர்! தொண்டர்னா இப்படி இருக்கணும்," என்று மீன்துறை அதிகாரி பூவராகவன் ஜீப்பின் மேல் நின்று முழங்கினார்.

"நான் எங்க முன்ன வந்தேன்? சீட்டுல உழுந்தேன்," என்றார் துலுக்காணம்.

நடந்தது அதுதான். பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில் எதற்கும் சீட்டுத்தான். யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதையே சீட்டுக் குலுக்கி முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தொண்டர் ஒருவர் வேண்டும் என்று அதிகாரி கேட்டதும், ஊர்த்தலைவர் சடையப்பன் வழக்கம்போலக் குடத்தில் சீட்டைப் போட்டுக் குலுக்கிவிட்டார். பேர் வந்தவன் மாட்டேன் என்றால் அவன் பாடு போயிற்று. துலுக்காணத்துக்கோ எத்தனையோ வருஷம் கழித்து அடுத்த அமாவாசைக்கு முகத்துவாரப் பாடு வரப்போகிறது. ஏரியும் கடலும் சேருகிற இடம். அங்கே வலை போட்டால் இந்த ஓட்டைப் படகைத் தலைமுழுகிவிடலாம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

வேலை இதுதான். ஏரி மீன் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக மடவை மீன்களின் முதுகில் மஞ்சள் வில்லை கட்டி விட்டிருக்கிறார்கள். வில்லை மீன் யார் வலையில் விழுந்தாலும் துலுக்காணம் அதை வாங்கி வைத்து, பிடிபட்ட இடத்தைச் சொல்ல வேண்டும்.

"சர்க்காரு அடையாளம் வெச்ச எது நம்மகிட்ட தங்கியிருக்குது? கும்மிடிப்பூண்டி பக்கம் வயல்ல கல்லு நட்டான். இப்ப பாரு, கம்பெனி நிக்குது," என்று துலுக்காணம் முணுமுணுத்தார்.

அதிகாரிக்கு அது காதில் விழவில்லை. "பொன்னேரி ஆபீசுல நானே என் கையால நம்பர் எழுதிக் கட்டினேன். எனக்குத் தண்ணியைக் கண்டா தலை சுத்தும். அதனால நம்ம டிரைவர்தான் பீப்பாய்ல கொண்டாந்து ஏரியில விட்டார். என்ன கோபால்?"

டிரைவர் கோபால் குனிந்து ஜீப் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "உட்டாச்சு சார்," என்றான் சக்கரத்திடம்.

அன்றிலிருந்து துலுக்காணம் கரையிலேயே காத்துக் கிடந்தார். மடவை கூடை கூடையாக வந்தது. வில்லை ஒன்றுகூட வரவில்லை. 'ஒளிச்சு விக்கிறானுங்க' என்று தீர்மானித்துக்கொண்டு, சந்தைக்குக் கிளம்பிய குப்பம்மாளின் கூடைக்குள் கையை விட்டார்.

"இன்னாய்யா இது, பொம்பள கூடையில கைய உடற? வயசாயிடுச்சே, வெக்கம் வாணாம்?"

"உள்ள மஞ்ச வில்லை கீதான்னு பாக்கறேன்."

"நல்லா பாரு!" என்று கூடையை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள் குப்பம்மாள். வில்லை விழவில்லை. ஒரு மீன் மட்டும் பனியனுக்குள் புகுந்து துள்ளியது. துலுக்காணமும் கூடவே துள்ளினார். ஊர் கூடிவிட்டது.

பக்கத்து வீட்டு லோகநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "மஞ்ச கட்டுன மீனா மாமா? முந்தாநாளே என் வலைக்கு வந்துச்சே!"

"எங்கடா அது?"

"உட்டுட்டேன்."

"உட்டுட்டியா!"

"பின்ன? ஆத்தாவுக்கு நேர்ந்து உட்ட கிடாவுக்கு மஞ்சத் துணி கட்றோம். அதை எவனாவது அறுப்பானா? மீனு முதுகுல மஞ்ச இருந்தா அதுவும் ஆத்தாளுதுதான? கன்னத்துல போட்டுக்கினு தண்ணியில உட்டுட்டேன்."

ஊரே லோகநாதனைப் பூசாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அந்தப் பார்வை தனக்கும் வேண்டும் என்று குப்பம்மாளுக்குத் தோன்றியதோ என்னவோ, சாயங்காலத்துக்குள் அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அவள் புருஷன் வலையிலும் அந்த மீன் விழுந்ததாம், கண்ணைச் சிமிட்டிற்றாம். மறுநாள் விடிந்தபோது ஆத்தா மீன் வந்து போகாத வலையே குப்பத்தில் இல்லை. ஒருவன் சலங்கைச் சத்தம்கூடக் கேட்டிருந்தான்.

துலுக்காணத்துக்குப் பேஜாராகிவிட்டது. கோயில் வாசலில் நின்று கத்தினார். "ஏய், அது ஆத்தா மீனு இல்ல, ஆபீசு மீனு! அந்த ஜீப்புக்கார ஆளு கட்டி உட்டது! இனிமே மாட்டினா எங்கிட்ட எடுத்தாங்க!"

கூட்டம் கொதித்தது. சடையப்பன் கையமர்த்திவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஊர்ல எல்லார் வலைக்கும் வந்துச்சு. உன் வலைக்கு வந்துச்சா?"

"இல்ல."

"ஏன் வரல?"

துலுக்காணத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருத்தன் சொன்னால் புளுகு என்று தள்ளலாம். ஊரே சொன்னால்?

"ஆத்தா மூஞ்சி காட்டாதவனுக்கு முகத்துவாரப் பாட்டை எப்பிடிய்யா குடுக்கறது? அப்பறம் ஊருக்கே மீனு இல்லாம பூடும். அமாவாசைக்குள்ள வருதா பாப்போம். வரலன்னா பாடு அடுத்த ஆளுக்கு," என்றார் சடையப்பன்.

வீட்டில் செங்கம்மாள் கஞ்சிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ இன்னா பாவம் பண்ணேன்னு எங்கிட்டயாவது சொல்லு."

"வாங்கிக் கட்டிக்காத. கஞ்சிய ஊத்து."

"குப்பம்மா ஊட்டுக்குக்கூட வந்துக்குது. அவ புருஷன் குடிகாரன். அவனுக்கே வந்துக்குது!"

வேறு வழியில்லாமல், மறுபடி ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரியிடமே துலுக்காணம் போனார். "ஐயா, மஞ்ச வாணாம். பச்சையோ நீலமோ கட்டுங்க. இவனுங்க சாமின்னு சொல்லிக்கினு எல்லாத்தயும் தண்ணியில உட்றானுங்க."

அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எல்லார் வலையிலயும் மாட்டிச்சா? அடடா! எங்கெங்கேன்னு உடனே விசாரிங்க!"

விசாரித்தார். நல்ல மீன் விழுகிற இடத்தை எவன் சொல்வான்? அவனவன் அடுத்தவன் பாட்டைக் கைகாட்டினான். "என் பாட்டுல உனக்கின்னாடா வேலை?" என்று மத்தியானத்துக்குள் இரண்டு மண்டை உடைந்தது. இரண்டு வீட்டாரும் துலுக்காணத்தைத்தான் திட்டினார்கள்.

"நல்ல தகவல்," என்றார் அதிகாரி. "ஆனா ஒரு மீனாவது கையில வேணும் பெரியவரே. இல்லாட்டி மேல நம்ப மாட்டாங்க. காலையில வரேன்." சொல்லிவிட்டு ரோசம்மாள் கடைக்கு டீ குடிக்கப் போனார். கோபாலும் பின்னால் போனான்.

விடிந்தால் அமாவாசை. துலுக்காணம் ஜீப்பைச் சுற்றி வந்தார். டிரைவர் இருக்கைக்கு அடியில் பழந்துணி சுற்றிய ஒரு டப்பா தெரிந்தது. திறந்தால் உள்ளே முழுக்க மஞ்சள் வில்லைகள். கட்டியது போக மிச்சம் போலிருக்கிறது. மீன் வாடை குப்பென்று அடித்தது. மீன்துறை ஜீப் மல்லிகைப்பூ மாதிரியா மணக்கும்? ஒரு வில்லையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை, ஊர் மொத்தமும் கரையில் நிற்க, துலுக்காணம் வலையை இழுத்தார். உள்ளே ஒரு கொழுத்த மடவை. முதுகில் மஞ்சள்.

"ஆத்தா வந்துட்டா!" என்று செங்கம்மாள் மணலில் விழுந்து கும்பிட்டாள். குப்பம்மாள் கற்பூரம் ஏற்றினாள். அதிகாரி ஓடிவந்து வில்லையைத் திருப்பிப் பார்த்துக் குதித்தார். "என் கையெழுத்து! நான் கட்டின அதே நம்பர்!"

துலுக்காணம் வில்லையை எட்டிப் பார்த்தார். கட்டாமல் மிஞ்சிய வில்லையில் கட்டின நம்பர் எப்படி வந்தது? சரி, சர்க்கார் ஆள். எதைப் பார்த்தாலும் என்னுது என்றுதான் சொல்வான்.

மீனைக் கெடாமல் போட்டு வைக்கக் கொண்டுவந்த மருந்து பாட்டிலை அதிகாரி திறப்பதற்குள் பெண்கள் மீனைப் பிடுங்கி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஏரியில் விட்டுவிட்டார்கள். "என் மீன்! என் மீன்!" என்று அவர் தண்ணீர் ஓரம்வரை ஓடி, தலை சுற்றி மணலில் உட்கார்ந்தார்.

"முகத்துவாரப் பாடு உனக்குத்தான்யா," என்று சடையப்பன் துலுக்காணத்தின் தோளைத் தட்டினார்.

துலுக்காணம் வலையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். பாடு கிடைத்துவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. குடிகாரன் வலைக்குக்கூட வந்த மீன், தன்னைத் திருட வைத்துவிட்டதே.

ஜீப் பக்கத்தில் நின்றிருந்த கோபால் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டான்.

"பெரியவரே, டப்பாவுல ஒண்ணு கொறையுது."

"அதுக்கின்னா இப்போ? ஊரே புடிச்சு உட்ட மீனு. நான் ஒருத்தன் புடிச்சதா சொன்னா குத்தமா?" துலுக்காணம் நிற்கவில்லை.

"ஊர்ல எவன் புடிச்சான்? ஐயா கட்டுன மீனு மொத்தமும் வர்ற வழியிலேயே பீப்பாய்ல செத்துப்போச்சு. வில்லையக் கழட்டிட்டு எங்க ஊட்ல கொழம்பு வெச்சுட்டோம். வில்லையோட இந்த ஏரித் தண்ணியப் பாத்தது, இப்ப நீ உட்டதே அந்த ஒரு மீனுதான்!"

"ஊரே பொய் சொல்லுமாம், இவன் ஒருத்தன் நெசம் சொல்லுவானாம்," என்று முணுமுணுத்துக்கொண்டே துலுக்காணம் திரும்பிப் பாராமல் நடந்தார்.