கோமளாவின் அண்ணன் சொன்ன ஒரே வாக்கியத்துக்காக நான் வாங்கிய ரோஸ்டர்

கணபதி,
கோயமுத்தூர்-6.
22-8-1994

பெருமதிப்பிற்குரிய திருவேங்கடசாமி பாவா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை கோமளாவின் கணவன் கோவிந்தராஜுலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உடுமலையில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதும் யோக்கியதை எனக்கு நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்து சென்னகேசவன் குடும்பத்தார் பெண் பார்க்க வந்து, பார்த்து, பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். நம் வனஜாவுக்கு வரன் அமைந்துவிட்டது. இதைத் தந்தியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பட்ட பாடு தந்திக்குள் அடங்காது என்பதால் இந்தக் கடிதம்.

பாவா, தாங்கள் பெரியவர். தங்களைக் குறை சொல்லும் வயதோ துணிச்சலோ எனக்கு இல்லை. சம்பந்தம் பேசுகிறவர் இரண்டு வீட்டைப் பற்றியும் நாலு வார்த்தை கூட்டிச் சொல்வது நம் பக்கத்து வழக்கம்தான். பெண்ணுக்குச் சமையல் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், தையல் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், நான் ஐம்பது பேருக்கு மேல் அதிகாரம் செய்தவன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மில்லில் டைம்கீப்பராக இருந்தவனை யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இத்தனையும் இருக்க, "அவங்க ஊட்டுல காப்பிக்கொட்டையை ஊட்டுலயே வறுத்துத்தானுங்க குடிப்பாங்க" என்று சென்னகேசவனிடம் ஏன் சொன்னீர்கள்? பஸ் ஸ்டாப் கடையில் சிக்கரி கலந்த தூளைப் பொட்டலமாக வாங்கி வந்து காலத்தை ஓட்டும் வீடு இது என்பது, வந்த போதெல்லாம் குடித்த தங்களுக்குத் தெரியாதா?

பத்தாம் தேதி காலையில் பக்கத்து வீட்டு ராசாத்தாளம்மா, போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார். சென்னகேசவன் பேசினார். இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், பலகாரம் எதுவும் வேண்டாம் என்றும், எங்கள் வீட்டில் வறுத்த காப்பி ஒரு தம்ளர் போதும் என்றும், வறுப்பதையும் கண்ணால் பார்க்க ஆசை என்றும் சொன்னார். நான் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அங்கேயே ராசாத்தாளம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கோமளாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். "எங்கண்ணன் சொன்னா சொன்னதுதானுங்க. அதைய நெசமாக்கறதுக்கு நீங்க கொட்டை வறுக்கற ரோஸ்டரு ஒண்ணு வாங்கிப்போடுங்க" என்றாள். பணம்? வனஜாவின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்ததைத் தொடக்கூடாது. மிக்ஸி ரிப்பேருக்கு ஒதுக்கியிருந்ததை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று உத்தரவு.

எனக்கு ஒன்றுதான் பயம். போன வருஷம் திருப்பூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுதவே இல்லை. வனஜா அன்று கட்டிய புடவையை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள், அவ்வளவுதான். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் திராணி இல்லை. அதிலும் சென்னகேசவன் மகனின் போட்டோவை அவள் டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் வைத்திருப்பதை இளையவள் யமுனா எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

மறுநாள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்குள் மின்சார ரோஸ்டர் ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சாமான். பட்டனைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே சுற்றுகிறது, முடிந்ததும் மணி அடிக்கிறது. வெகு அழகு. விலையைக் கேட்டேன். கேட்ட பிறகு, கடைக்காரரிடம் டார்ச் லைட்டுக்கு இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு மரியாதையாக வெளியே வந்தேன். வெறுங்கையோடு வந்தால் என்ன நினைப்பார்கள்?

வரும் வழியில், எங்கள் தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் கருப்புசாமியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நம் ஊரில் ஒரு சாமான் வேண்டும் என்று பட்டறைக்காரர் காதில் விழுந்தால் அதை விலைக்கு வாங்க விடமாட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். "ஏனுங்க, இதுக்கெல்லாமா கடைக்குப் போவாங்க? நாளைக்கு செஞ்சுபோடறனுங்க" என்றார். சொன்னபடி செய்துபோட்டார். பம்பு செட்டுக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி, யாரோ ரிப்பேருக்குப் போட்டிருந்த கிரைண்டர் மோட்டாரை நேராக அதில் மாட்டி, எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, அடியில் ஸ்டவ்வை வைத்தார். மோட்டார் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நான் யோசிக்கவில்லை, அவர் யோசித்திருப்பார் என்று நினைத்தேன். நான் யோசித்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அரைக் கிலோ பச்சைக் கொட்டை வாங்கி வந்து உள்ளே கொட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அது சுற்றிய வேகத்தில் கொட்டை முழுவதும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு புரளவே இல்லை. புகை வந்ததும் நிறுத்தித் திறந்தோம். ஒவ்வொரு கொட்டையும் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. கருப்புசாமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பாதி வேலை முடிந்துவிட்டது, இனி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தால் போதும் என்றார். இரண்டாம் முறை ஓடியபோது மூடி கழன்று, எங்கள் சந்து முழுவதும் காப்பிக்கொட்டை. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ராசாத்தாளம்மா ஒரு குடம் தண்ணீரை என் மேல் ஊற்றினார். நல்ல மனசுக்காரர், குறை சொல்ல முடியாது.

ஆக மூன்று நாள் போய்விட்டது. இனி எதுவும் ஆகாது என்று நினைத்தபோது, மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், கோட்டைமேட்டில் இரும்புச் சாமான் செய்து விற்கும் ஷேக் பரீத் பாயிடம் போகச் சொன்னார். அவரிடம் கையால் சுற்றும் ரோஸ்டர்கள் வரிசையாக இருந்தன. இரும்பு உருளை, அதற்கு ஒரு சின்னக் கதவு, நிற்கக் கால், சுற்றக் கைப்பிடி. நான் சுற்றி வளைத்து, புதிதாக இருக்கக் கூடாது, பார்த்தால் முப்பது வருஷம் புழங்கியதாகத் தெரிய வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழசைய புதுசு மாதிரி பாலீஷ் போட்டுக் கேப்பாங்க. புதுசைய பழசாக் கேட்டது நீங்கதானுங்க மொதல்" என்றார். சிரிக்கவில்லை. தகடு கனமாக இருக்கிறதா என்று என்னைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். மெல்லிசாக இருந்தால் தீய்ந்துவிடுமாம். கதவின் கொக்கியை நாலு முறை திறந்து மூடச் சொன்னார். கைப்பிடியில் மரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வீட்டுக்குக் கால் கிலோ பிடிக்கிறது போதும், பெரிசு வாங்கினால் கை விட்டுப்போகும் என்றார். பழசாவதற்கு வழி கேட்டேன். தினம் நாலு ஈடு வறுத்தால் தானாகப் பழசாகும் என்றார். மிக்ஸிப் பணத்துக்குள் அடங்கியது. மிச்சம்கூட இருந்தது, அதில் இன்னும் கொஞ்சம் பச்சைக் கொட்டை வாங்கினேன்.

அதன் பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. நான் சுற்றினேன், கோமளா தீயைப் பார்த்தாள், எப்போது இறக்க வேண்டும் என்று வனஜா சொன்னாள், கோமளாவுக்குச் சீராகத் தாங்கள் கொடுத்து இத்தனை காலம் பரணில் தூங்கிய கை மிஷினில் யமுனா அரைத்தாள். வறுத்ததை எல்லாம் குடித்துத் தீர்த்தோம். குடித்து முடியாததை ராசாத்தாளம்மாவுக்கும் கருப்புசாமிக்கும் கொடுத்தோம். அடுப்பங்கரைச் சுவரும் ரோஸ்டரும் ஒரே நிறத்துக்கு வந்தன. "பொய் சொல்லி ஒரு கல்யாணம் வேணுங்களாப்பா?" என்று வனஜா ஒருநாள் கேட்டாள். சரி, நிறுத்திவிடுகிறேன் என்றேன். "நிறுத்தாதீங்க, கருகிரும்" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று நாலரை மணிக்கு வந்தார்கள். சென்னகேசவன் நேராக அடுப்பங்கரைக்கே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனை வருஷமாக வறுக்கிறீர்கள் என்றார். முப்பது என்றேன். கொட்டை பொரிய ஆரம்பித்ததும், எப்போது இறக்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பாவா, எனக்கு அது தெரியாது. ஐந்து நாளும் நான் சுற்றினேனே தவிர, சொன்னது வனஜா. போச்சு, திருப்பூர்தான் மறுபடியும் என்று நினைத்தேன். அப்போது வாசற்படி அருகே நின்றிருந்த வனஜா, தலையை நிமிர்த்தாமல், "மொதல்ல படபடன்னு பொரியுமுங்க. அது அடங்கி வாசம் மாறும்போது இறக்கோணுமுங்க" என்றாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் அப்போதுதான் முதல்முதலாக வாயைத் திறந்தான். என் கையிலிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டு, "நா கொஞ்ச நேரம் சுத்தறனுங்க" என்றான்.

"நிறுத்தாம சுத்தோணுமுங்க" என்றாள் வனஜா.

"நிறுத்த மாட்டனுங்க" என்றான் பையன்.

புகைதான் காரணம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோமளா அதை நம்பவில்லை. பிறகு காப்பி வந்தது. சென்னகேசவன் அந்த ஒரு தம்ளரை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக் குடித்தார். ரசனை என்றால் அதுதான் என்று நினைத்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சம்மதம் சொன்னார்.

பாவா, பதினோரு நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். மனசு அத்தனை லேசாக இருக்கிறது. தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இனிமேல் எங்கள் வீட்டைப் பற்றி யாரிடமும் ஒரு வாக்கியமும் கூட்டிச் சொல்ல வேண்டாம். இருக்கிறதைச் சொல்லுங்கள், அமைகிறது அமையட்டும். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நிச்சயத்துக்குத் தாங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கோவிந்தராஜுலு

பின்குறிப்பு (புதன்கிழமை): கவர் வாங்க மறந்ததில் இந்தக் கடிதம் இரண்டு நாள் மேஜை மேலேயே கிடந்தது. இன்றைய தபாலில் சென்னகேசவனிடமிருந்து கடிதம். சம்பந்தி ஆகப் போகிறவரிடம் மறைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் யாருக்கும் காப்பிப் பழக்கமே இல்லையாம், எல்லோரும் டீயாம். காப்பி தெரியாத வீட்டுக்கு நாங்கள் பெண் கொடுக்க மாட்டோம் என்று தாங்கள் சொல்லியிருந்தீர்களாம். அதனால்தான் வறுப்பதைப் பார்க்க ஆசை என்று போனில் சொன்னாராம். அந்த ஒரு தம்ளரைத் தொண்டைக்குள் இறக்கப் பட்ட பாட்டை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். நாங்கள் நிச்சயத்துக்குப் போவதற்குள் அவர்கள் வீட்டிலும் ஒரு ரோஸ்டர் இருந்தாக வேண்டுமாம். முப்பது வருஷ அனுபவம் உள்ளவன் என்பதால், விலை அதிகம் ஆகாமல் நல்லதாக ஒன்று நானே பார்த்து வாங்க வேண்டுமாம். இதெல்லாம் தங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதாம், மனசு வருத்தப்படுவீர்களாம்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். யமுனாவின் ஜாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த வீட்டில் என்ன சொல்ல வேண்டுமோ தாராளமாகச் சொல்லுங்கள். நான் என்ன வாங்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டி ஒரு கார்டில் எழுதிவிடுங்கள்.