முப்பது பதில்கள்

பரீட்சையில் தில்லுமுல்லு செய்து நான் மாட்டிக்கொண்டது ஒரே ஒருமுறைதான். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பரீட்சையோ என் மகளுக்கு.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நான். மகள் செல்வி மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவாள். புத்தகத்தைப் பிரித்தால் மட்டும் எழுத்துகள் பிடிபடாது. 'படம்' என்று சொன்னால் 'மடப்' என்று எழுதுவாள்.

"வேலூர்ல ஒரு டாக்டரம்மா இந்த மாதிரி பசங்களைக் கேள்வி கேட்டு சோதிச்சுப் பார்க்கறாங்களாம். கூட்டிட்டுப் போங்க சார்" என்றார் வகுப்பு டீச்சர்.

சோதனை என்றதும் என் குமாஸ்தா மூளை விழித்துக்கொண்டது. ஆபீஸ் நண்பரின் பெண் ஒருத்தி ஏற்கெனவே அங்கே போய்வந்திருந்தாள். அவளுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்து (லஞ்சம்தான், வேறென்ன?) கேள்விகளைக் கறந்தேன். முப்பது தேறின. பத்து நாள் பதில்களை மட்டும் வரிசையாக, வாய்ப்பாடு போல செல்வியை ஒப்பிக்க வைத்தேன்.

"யோசிக்கவே கூடாது. கேட்டதும் டக்குனு சொல்லணும், தெரிஞ்சுதா?"

வேலூரில் டாக்டரம்மா சிரித்தபடி ஆரம்பித்தார். "உன் பேர் என்னம்மா?"

"நாலு" என்றாள் செல்வி.

"எந்த ஊர்லேருந்து வந்திருக்கே?"

"ஏழு."

"கூட வந்திருக்கறது யாரு?"

"எருமை."

"ஐயோ, கேள்வி இன்னும் ஆரம்பிக்கலடி!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். விசாரித்ததும் செல்வி முப்பது பதில்களையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவளை நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு, என்னிடம் சொன்னார்:

"காதால கேட்டே இவ்ளோ ஞாபகம் வெச்சிருக்கா சார். கெட்டிக்காரி. ஆனா இப்ப சோதிச்சா எதுவும் சரியா தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, எல்லாம் மறக்கட்டும்."

என் காதில் 'ஒரு வருஷம்' மட்டும்தான் விழுந்தது. பஸ்ஸில், "எல்லாத்தையும் கெடுத்துட்டியேடி" என்று திட்டினேன். அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, விரல்விட்டு எண்ணியபடி என்னமோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். போளூர் தாண்டியதும் சொன்னாள்:

"ஒண்ணுகூட தப்பில்லையேப்பா."



அந்த வருஷம் அவளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். 'மக்கு' என்று பட்டப்பெயரும் வந்தது. மறு வருஷம் சோதித்த டாக்டரம்மா, புத்தியில் குறையே இல்லை, எழுத்துதான் குழப்புகிறது என்றார். மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் படிக்கிற வழியைக் காட்டினார். ஆறே மாதத்தில் செல்வி தட்டுத்தடுமாறிப் பாடம் வாசித்தாள். எல்லாம் ஒரு வருஷம் முன்னாலேயே நடந்திருக்கும்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன் என்றால், "தாத்தாவை வெளியில உட்கார வைங்க" என்று வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய் வெளியே உட்காருவேன்.

டாக்டரம்மா 'கெட்டிக்காரி' என்று சொன்னதைப் போன தை மாதம்தான் செல்வியிடம் சொன்னேன். அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

"அன்னிக்கு பஸ்லயே சொல்லியிருக்கலாமேப்பா."