லயத்துக்காரனுக்கு எழுந்த ஐயம்

"லயத்துக்கு ஏது டைல்ஸ்?"

ஜெபமலரின் படத்துக்குக் கீழே காலை முதல் நின்ற கேள்வி இது. கேட்டவர் தம்மை முகநூலில் 'லயத்துக்காரன்' என்று அழைத்துக்கொள்பவர்.

ஜெபமலர் லுணுகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். இன்றும் அங்கேயே வாழ்பவள். தொழிலாளரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பராமரிப்பவள். அவளுடைய முதல் சிறுகதைத் தொகுதி ஞாயிற்றுக்கிழமை பதுளையில் வெளியாக இருந்தது. "ஒங்கள உள்ளபடி காட்டுங்கம்மா, அப்பதான் சனம் வரும்" என்று விழா அமைப்பாளர் மாணிக்கராஜ் சொன்னதால், தன் அறையில் அமர்ந்து எழுதும் படத்தை இட்டிருந்தாள். தரையில் இருந்த டைல்ஸ், டைல்ஸ் பதிக்கும் தொழில் செய்யும் அவளுடைய தம்பி தன் கையாலேயே பதித்தவை.

அதனை விளக்கிப் பிழையற்ற தமிழில் மூன்று பந்திகள் எழுதினாள்.

"தோட்டத்துப் பெண் இவ்வளவு சுத்தமாக எழுதுவாளா? யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள்" என்றார் லயத்துக்காரன். ஒற்றுப்பிழையே மண்வாசனையாகப் போற்றப்படும் இக்காலத்தில், அதற்கு நூற்றுக்கணக்கானோர் விருப்பம் தெரிவித்ததில் வியப்பில்லை.

ஜெபமலர் தளரவில்லை. "நான் இங்கனதாங்க பொறந்தேன், இங்கனதாங்க இருக்கேன்" என்று பேசிக் காணொளி ஒன்றை வெளியிட்டாள்.

"தோட்டத்துப் பேச்சை நன்றாகப் பயின்றிருக்கிறார்" என்று லயத்துக்காரன் பாராட்டினார்.

பிற்பகலில் மாணிக்கராஜ் அழைத்தார்.

"என்னம்மா இது, பேச்சாளருங்க வர யோசிக்கிறாங்க. இப்பிடியே போனா விழாவ நிப்பாட்டத்தான் வேணும்."

"சேர், நான் லயத்துலதான் இருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"எனக்குத் தெரியும். பாக்கிறவங்களுக்கு அப்பிடித் தெரியலியே. கொழுந்துக்கூடையோட ஒரு படம் போடுங்க."

"நான் கொழுந்து எடுத்ததே இல்லியே, சேர்."

"அத யாரு கேக்கப் போறா?"

விழாவை நடத்தியே தீர்வது என்று முடிவுசெய்து, பக்கத்து வீட்டு ரெங்கம்மாவிடம் சென்றாள். இப்போது கொழுந்தெடுப்போர் அனைவரும் நைலோன் பையையே முதுகில் கட்டுகின்றனர். அந்த லயத்தில் எஞ்சியிருந்த ஒரே பிரம்புக்கூடை ரெங்கம்மாவுடையது. அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எடுத்துக்க புள்ள. சூடு ஆறுறதுக்குள்ள முட்டைய திரும்ப வைக்கணும், அவ்வளவுதான்."

கோழி திட்டிக்கொண்டே பின்தொடர, ஜெபமலர் தேயிலைச் செடிகளுக்கிடையே கயிற்றைத் தலையில் மாட்டி, வாழ்நாளில் முதன்முறையாகக் கூடை சுமந்தாள். ரெங்கம்மாவே படமெடுத்தாள்.

சிறிது நேரத்தில் லயத்துக்காரன் எழுதினார்: "இதுவன்றோ உண்மை. என் ஐயம் நீங்கியது. விழாவுக்குத் தவறாமல் வருவேன்."

மாணிக்கராஜ் மகிழ்ந்தார். பேச்சாளரும் இணங்கினர். ஜெபமலருக்கோ கோபம் தாங்கவில்லை.

"நெசத்தையெல்லாம் பொய்யின்னாரு. பொய்யக் கண்டதும் நெசங்கிறாரு. இந்த மனுசன் மொகத்த ஒருக்கா பாருங்கக்கா" என்று லயத்துக்காரனின் பக்கத்தைத் திறந்து, கைத்தொலைபேசியை நீட்டினாள்.

முட்டைகளைக் கூடைக்குள் அடுக்கிக்கொண்டிருந்த ரெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"அட, இந்தத் தம்பியா? போன மாசம் கொழும்புலேருந்து கார்ல வந்து, இதே கூடைய மாட்டிக்கிட்டுத்தானே இந்தப் போட்டோவ எடுத்தாரு."